எருவுக்குள் வளரும் மருந்து

தொட்டபள்ளாபுரம், தேவனஹள்ளி, சிக்கபள்ளாபுரம் வட்டாரத்தில் பாலிஹவுஸ் போட்டுக் குடைமிளகாய் வளர்ப்பவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். முதல் பயிர் அமோகம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில், காய் பிடிக்கிற சமயத்தில், அங்கங்கே செடிகள் மத்தியானம் துவண்டு சாயங்காலம் நிமிரும். சில நாளில் நிமிராமலே நின்றுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணிமணியாக முடிச்சு. தண்டின் அடியைக் கீறினால் உள்ளே பழுப்பு ஓடியிருக்கும்.

முடிச்சு நூற்புழுவால் வருவது. பழுப்பு, ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வருவது. புழு துளைத்த புண் வழியே பூஞ்சை நுழைகிறது. ஒன்று மட்டும் வந்தால் ஓரளவு தாங்கிக்கொள்ளும் செடி, இரண்டும் சேர்ந்தால் தாங்குவதில்லை. பாலிஹவுஸுக்குள் இந்தக் கூட்டு தழைப்பதற்குக் காரணம் உண்டு. கோடை உழவு கிடையாது. நேர்வெயில் மண்ணைச் சுடுவதில்லை. சொட்டுநீரில் பாத்தி எந்நேரமும் ஈரம். குடைமிளகாய் ஒன்பது பத்து மாதம் நிற்கிறது. எடுத்த கையோடு அதே பாத்தியில் மறுபடி குடைமிளகாய்; மாற்றம் என்றால் தக்காளி, அதுவும் அதே குடும்பம். திறந்த வயலாக இருந்தால் ஒரு போகம் ராகி போட்டு நிலத்தை ஆற விடலாம். வங்கிக் கடனில் கூரை போட்டவர் அதற்குள் ராகி விதைத்தால் தவணையை எப்படிக் கட்டுவார்? 2005-06இல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் தொடங்கி, செலவில் பாதி வரை மானியம் என்று ஆன பிறகு, இந்தக் கூரைகள் பெங்களூரைச் சுற்றியும் தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூர், தளி பகுதிகளிலும் பெருகின. மண்ணில் வாழும் நோய்களும் கூடவே பெருகின.

கைக்கு எளிதில் கிடைத்த தீர்வு ஃபார்மலின். பாத்தியில் ஊற்றி, பாலித்தீன் விரிப்பால் மூடி, சில நாள் கழித்துத் திறந்து, நெடி அடங்கிய பிறகு நடுவார்கள். மூடிய கூரைக்குள் நின்று அதை ஊற்றுகிற கூலியாளின் கண்ணும் மூச்சும் படும் பாட்டை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பயிர் நின்ற பிறகு கார்பென்டாசிம், காப்பர் ஆக்சிகுளோரைடு என்று வேருக்கு ஊற்றுவது தனி. மேலைநாட்டுக் காய்கறிப் பண்ணைகள் இதே வேலைக்கு மெத்தில் புரோமைடு வாயுவை நம்பியிருந்தன. அது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1992இல் கோபன்ஹேகனில் கூடிய நாடுகள் அதை மான்ட்ரியல் உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தன. வளர்ந்த நாடுகளுக்கு 2005, வளரும் நாடுகளுக்கு 2015 என்று கெடு விதிக்கப்பட்டது.

இப்படி மண்ணைச் சுட்டெடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாத்தியில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே சாகின்றன. பிறகு சரியாக மட்காத எருவிலோ, வாங்கி வந்த நாற்றின் வேரிலோ ஒட்டிக்கொண்டு முதலில் நுழையும் நோய்க்கிருமிக்கு அங்கே போட்டியே கிடையாது. போன முறையைவிட வேகமாகப் பரவுகிறது. விவசாயிக்கு இது, மருந்தின் அளவு பத்தவில்லை என்பதாகத் தெரிகிறது. அடுத்த முறை கூடுதலாக ஊற்றுகிறார்.

இன்று உர, மருந்துக் கடைகளில் ஒரு கிலோ பொட்டலமாகக் கிடைக்கும் டிரைக்கோடெர்மா இந்தச் சிக்கலுக்கான விடைகளில் முக்கியமானது. அந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு 1794இல் பெயர் வைத்தவர் பெர்சூன் என்ற அறிவியலாளர். ஆனால் அதற்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரியவர இன்னும் 138 ஆண்டுகள் ஆயின. கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு என்ற ஊரின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்தில் ரிச்சர்ட் வைண்ட்லிங் என்பவர் நாற்றழுகலை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாற்றைச் சாய்ப்பது ரைசாக்டோனியா என்ற பூஞ்சை. அதை வளர்க்கும் தட்டில் டிரைக்கோடெர்மாவும் சேர்ந்தபோது, அதன் இழைகள் ரைசாக்டோனியாவின் இழைகளைக் கொடிபோல் சுற்றி வளைப்பதையும், சுற்றப்பட்ட இழைக்குள் உயிர்ச்சாறு திரைந்துபோவதையும் அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். 1932இல் எழுதிய கட்டுரையில், ஒரு மண் பூஞ்சை இன்னொன்றைத் தின்று வாழ்கிறது என்பதைக் காட்டினார். இதை மண்ணில் சேர்த்து நாற்றைக் காக்க முடியும் என்ற யோசனையையும் முன்வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில், சுற்றி வளைக்காமலே எதிரியைக் கொல்லும் ஒரு நச்சையும் அவரது பூஞ்சை சுரக்கிறது என்று கண்டு, எமர்சன் என்பவரோடு சேர்ந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் பெயர் கிளையோடாக்சின்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது அதற்குப் பின் வந்த ஒரு சோதனை. எலுமிச்சைத் தோப்புகளில் ஆர்மில்லேரியா என்ற வேரழுகல் பூஞ்சையைக் கொல்ல கார்பன் டைசல்ஃபைடு என்ற ஆவியை மண்ணுக்குள் செலுத்துவது வழக்கம். பூஞ்சை சாகும்; ஆனால் உடனே சாகாது, நாள் பிடிக்கும். டொனால்ட் பிளிஸ் என்ற ஆய்வாளர் இந்தத் தாமதத்தைக் கவனித்தார். நோய் பிடித்த வேர்த்துண்டுகளைச் சாதாரண மண்ணிலும், வேறெந்த உயிரும் இல்லாதபடி வேகவைத்த மண்ணிலும் வைத்து அதே ஆவியைக் கொடுத்தார். சாதாரண மண்ணில் ஆர்மில்லேரியா செத்தது. வேகவைத்த மண்ணில் பிழைத்துக்கொண்டது. ஆவி செய்தது எதிரியைத் தளர்த்தியது மட்டும்தான். மண்ணில் ஏற்கெனவே இருந்த, அந்த ஆவியைத் தாங்கிக்கொண்ட டிரைக்கோடெர்மா பெருகி உள்ளே புகுந்து கொன்றிருக்கிறது. 1951இல் இது வெளியானது. ரசாயனம் வாங்கிக்கொண்டிருந்த பெருமையில் ஒரு பங்கு, பெயர் தெரியாமல் மண்ணில் கிடந்த பூஞ்சைக்குரியது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் ரசாயனத்துக்கு அது பொற்காலம். விலை மலிவு, பலன் கண்முன்னே. பிளிஸின் முடிவை வைத்துப் பொருள் செய்து விற்க அப்போது யாரும் அவசரப்படவில்லை.

வைண்ட்லிங்குக்கும் வயலுக்கும் நடுவில் நாற்பது ஆண்டு இடைவெளி விழுந்ததற்கு இன்னொரு காரணம் அளவு. தட்டில் வளர்வதை ஏக்கருக்கு எப்படிக் கொண்டுபோவது? அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வெல்ஸும் அவர் கூட்டாளிகளும் 1972இல் ஒரு வழி காட்டினார்கள். டிரைக்கோடெர்மா ஹார்சியானத்தை ரை புல் விதையில் வளர்த்து, அந்த விதைக் கலவையைச் செடியின் அடியில் தூவினார்கள். தக்காளியிலும் நிலக்கடலையிலும் ஸ்கிளிரோஷியம் தண்டழுகல் குறைந்தது. பிறகு இஸ்ரேலில் கோதுமைத் தவிட்டில் வளர்த்தார்கள். இங்கெல்லாம் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது: பூஞ்சையைத் தனியாக விடவில்லை, தின்ன ஏதாவது கொடுத்து அனுப்பினார்கள். பெங்களூரில் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

அதே இஸ்ரேலிலிருந்து 1976இல் யாக்கோவ் கதான் இன்னொரு முறையை எழுதினார். கடுங்கோடையில் ஈரமண்ணைக் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய பாலித்தீனால் மூடி நாலு முதல் ஆறு வாரம் விட்டால், மேல்மண்ணில் நோய்க்கிருமிகள் வெந்து தளர்கின்றன. சூடு தாங்கும் நல்ல நுண்ணுயிர்கள் பிழைக்கின்றன. பிளிஸின் ஆவி செய்த வேலையை வெயில் செய்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் வெயில் பாலைவன வெயில் ஆகாது. ஆனால் பயிரில்லாத ஏப்ரல், மே மாதத்தில் பாலிஹவுஸின் பக்கத் திரைகளையும் இறக்கிவிட்டால் உள்ளே கிடைக்கும் வெக்கை வேறு.

பொட்டலத்துக்கு வருவோம். அது வெள்ளைப் பொடியாக நம் கைக்கு வந்ததில் கோயம்புத்தூருக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையினர் 1990களில் டால்க் மாவை, அதாவது மாக்கல் பொடியை, பூஞ்சைக்கு வாகனமாக்கினார்கள். செய்முறை ஒரு சிறு கூடத்தில் நடக்கக்கூடியது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் சர்க்கரைப்பாகுக் கழிவு, 5 கிராம் ஈஸ்ட். அதில் டிரைக்கோடெர்மா விரிடியைப் பத்து நாள் வளர்க்க வேண்டும். வளர்ந்ததை அப்படியே ஒன்றுக்கு இரண்டு பங்கு டால்க்குடன் பிசைந்து, நிழலில் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்தி, விதையில் ஒட்டுவதற்காகக் கிலோவுக்கு 5 கிராம் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் கலந்தால் முடிந்தது. ஆயுள் நாலு மாதம். இதே துறையில் சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் என்ற பாக்டீரியாவுக்கும் டால்க் வடிவம் கிடைத்தது. அது வேரைச் சுற்றியுள்ள இரும்புச்சத்தை முதலில் கவ்விக்கொண்டு நோய்ப்பூஞ்சைக்குக் கிடைக்காமல் செய்கிறது. செடியின் எதிர்ப்புச் சக்தியையும் எழுப்பிவிடுகிறது. விதை கிலோவுக்கு விரிடி 4 கிராம், சூடோமோனாஸ் 10 கிராம் என்ற கணக்கைத் தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

மலிவான வாகனம் கிடைத்துவிட்டது. ஆனால் டால்க்கில் தின்ன ஒன்றுமில்லை. வித்துக்கள் அதில் உறங்குகின்றன. அதைக் கரைத்து ஊற்றினால், ஃபார்மலினும் பூஞ்சைக்கொல்லியும் பட்டு, கரிமச்சத்து வற்றிப்போன பாத்தியில் அவை எதை வைத்துப் பெருகும்? போட்டேன், கேட்கவில்லை என்று பலர் அலுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில்தான் பெங்களூர் வருகிறது. பூச்சியைப் பூச்சியால், உயிரை உயிரால் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சிக்கு இந்த ஊர் பழைய வீடு. காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையம் 1957இல் இங்கே அமைந்தது. அந்த மரபு 1993இல் ஹெப்பாளில் மத்திய அரசின் உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககமாகத் தொடர்ந்தது. ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1968 முதல் இயங்குகிறது. அர்க்காவதி ஆற்றின் குறுக்கே கட்டிய ஏரிக்கரையூர் அது. அங்கே பிறந்த தக்காளி, மிளகாய் ரகங்களெல்லாம் 'அர்க்கா' என்று தொடங்குவது அந்த ஆற்றை முன்னிட்டுத்தான்.

ஹெசரகட்டாவின் நூற்புழுவியல் பிரிவில் எம்.எஸ். ராவும் உடன் பணிபுரிந்தோரும் பாலிஹவுஸ் மண்ணை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் முன்னால் நின்றது தனி ஒரு பூஞ்சை நோயாக இருந்திருந்தால் விரிடியே போதுமாக இருந்திருக்கும். இங்கே புழுவும் பூஞ்சையும் கூட்டு. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் ஆகியவற்றோடு, நூற்புழுவின் முட்டையையே தின்கிற பூஞ்சைகளும் தேவைப்பட்டன. அவற்றில் ஒன்று பெசிலோமைசஸ் லிலாசினஸ். ஊதா நிற வித்துக்கள் கொண்ட இது, வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டைக்குள் புகுந்து அழிக்கிறது என்று 1979இல் பெருவின் உருளைக்கிழங்கு ஆராய்ச்சியில் ஜட்டாலா குழுவினர் எழுதியிருந்தார்கள். இன்னொன்று போக்கோனியா கிளாமிடோஸ்போரியா. இவற்றுக்கெல்லாம் ஹெசரகட்டாவில் பொடி வடிவங்கள் உருவாயின. நாட்டின் பல பகுதிகளிலுள்ள நிறுவனங்கள் உரிமம் பெற்று உற்பத்தி செய்தன.

ஆனால் பொடியைவிடப் பெரிய விஷயமாக நான் நினைப்பது, அதைப் பயன்படுத்தச் சொல்லித் தந்த விதம். நேரே பாத்தியில் போடச் சொல்லவில்லை. முதலில் எருவில் வளர்க்கச் சொன்னார்கள். நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு டன். அதில் டிரைக்கோடெர்மா ஹார்சியானம், சூடோமோனாஸ், பெசிலோமைசஸ் ஒவ்வொன்றும் 2 கிலோ. கலந்து நிழலில் குவித்து, மேலே மூடாக்குப் போட்டு, 25 முதல் 30 சதவீத ஈரம் குறையாமல் பதினைந்து நாள் விட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். வேப்பம் பிண்ணாக்கையும் இப்படியே தயார் செய்யலாம். பெங்களூர்ப் பக்கத்துக் கன்னட விவசாயிகள் பேவின ஹிண்டி என்று கேட்டு வாங்குவது அதைத்தான். பதினைந்து நாளில் ஆறு கிலோ பொடி ஒரு டன் முழுக்கப் பரவி, ஒவ்வொரு பிடி எருவிலும் உயிராக இருக்கிறது. அதன் பிறகுதான் பாத்திக்குப் போகிறது. போகும்போது தனக்கான சாப்பாட்டோடு போகிறது. பயிர் நின்ற பிறகு, அதே பிண்ணாக்கைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டி, இடைவெளி விட்டு வேருக்கு ஊற்றுகிறார்கள்.

இதில் புதிதாக வாங்க வேண்டியது பொடி ஒன்றுதான். எரு குவிப்பதும் கிளறுவதும் நம் ஆட்களுக்குத் தெரியாத வேலை கிடையாது. மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த அரைகுறை எருதான் அதுவரை நூற்புழுவையும் பூஞ்சையையும் பாலிஹவுஸுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தது. அதையே காவலாக மாற்றிய யோசனை என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உச்சம்.

ஆராய்ச்சி கொஞ்சம் பின்னாலும் நகர்ந்தது, நாற்றங்காலுக்கு. பாலிஹவுஸுக்கு நாற்று குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி வளர்கிறது. அந்த நார்க்கழிவிலேயே இந்த உயிர்களைக் கலந்துவிட்டால், நோய்க்கிருமி வேரைப் பார்ப்பதற்கு முன்பே காவல் வேரில் குடியேறிவிடுகிறது. முதலில் வந்தவருக்கே இடம் என்ற அதே மண்விதி, இந்த முறை செடிக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

அரசாங்கச் சட்டமும் மெதுவாக வந்து சேர்ந்தது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் ரசாயனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நோயை எதிர்க்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதன் அட்டவணையில் 1999இல் சேர்ந்தன. டிரைக்கோடெர்மா பொடி என்றால் ஒரு கிராமில் உயிருள்ள வித்துக்கள் குறைந்தது 20 லட்சம் இருக்க வேண்டும். மனிதருக்குக் கெடுதல் செய்யும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக் கூடாது. தாளில் இருக்கும் இந்த எண்ணிக்கை கடையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வெயில் படுகிற அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்த பொட்டலம் வெறும் மாக்கல் பொடி. செத்தது எது, உயிரோடு இருப்பது எது என்று பார்த்துச் சொல்ல விவசாயியிடம் வழியில்லை. தயாரித்த தேதியைப் பார்ப்பது, சூட்டில் வைக்காத கடையில் வாங்குவது, வாங்கியதும் எருவில் சேர்ப்பது ஆகியவைதான் அவர் கையில் இருப்பவை. ஏமாந்தவர் மறுபடி ஃபார்மலின் கேனைத் தேடிப் போனால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. தரம் பார்க்க வேண்டியவர்கள் பொட்டலங்களை அடிக்கடி எடுத்துச் சோதித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தெரிந்துகொள்ள வேண்டிய சில கட்டுப்பாடுகளும் உண்டு. எரு போட்ட கையோடு கார்பென்டாசிம் ஊற்றினால் டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே, அதுவும் போய்விடும். காளான் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பேரினம் பரம எதிரி. படுக்கையில் பச்சைப் பூசணமாக வந்து விளைச்சலைத் தின்றுவிடும். ஹெசரகட்டா வளாகத்திலேயே காளான் ஆய்வகமும் இருக்கிறது; அங்கே இதை உள்ளே விடாமல் காப்பதே பெரிய வேலை. பாலிஹவுஸும் காளான் குடிலும் ஒரே தோட்டத்தில் வைத்திருப்பவர் எருக்குவியலைக் குடிலுக்கு எட்டத்தில் போட வேண்டும்.

முற்றிய நோயை இது திருப்பாது. வாடிய செடியின் அடியில் ஊற்றிவிட்டு நிமிரும் என்று காத்திருக்க முடியாது. பாக்டீரியாவால் வரும் வாடலில், தக்காளியையும் கத்தரியையும் இரண்டொரு நாளில் பச்சையாகவே சாய்க்கும் ரால்ஸ்டோனியாவில், டிரைக்கோடெர்மாவை மட்டும் நம்புவது சரியாகாது. அதற்கு எதிர்ப்புள்ள ரகங்கள் வேண்டும். ஹெசரகட்டா 2010 வாக்கில் கொடுத்த அர்க்கா ரக்ஷக் தக்காளி, இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவானது. இல்லாவிட்டால் வேரையே மாற்ற வேண்டும். நம் ஊர் வேலியோரத்தில் தானாக முளைக்கும் சுண்டைச் செடியின் வேர் பாக்டீரியா வாடலையும் நூற்புழுவையும் நன்றாகத் தாங்குகிறது. அதன்மேல் கத்தரியையோ தக்காளியையோ ஒட்டுக்கட்டிய நாற்றுகள் இப்போது நாற்றுப்பண்ணைகளில் விற்பனைக்கு வருகின்றன. சாதாரண நாற்றைவிட விலை கூடுதல். அந்த நாற்றும் தென்னை நார்க்கழிவில்தான் வளர்கிறது, எரு போட்ட பாத்தியில்தான் நடப்படுகிறது. அதனால் ஒட்டுநாற்று வாங்கினாலும் பயிர்க்கணக்கில் அந்தப் பதினைந்து நாளை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. பழைய பயிரைப் பிடுங்கும் வாரத்திலேயே எருவைக் குவித்துவிட்டால், பாத்தி திருத்தி முடிக்கும்போது அதுவும் தயாராக இருக்கும்.